மருந்தையாவின் நல்ல பெயர்

ராசகுமாரியின் குழிமேட்டில் எல்லோருக்கும் பின்னால் ஒதுங்கி நின்றார் மாணிக்கவாசகம். தேயிலைத் தோட்டத்து ஆட்களுக்கு மருந்து கொடுக்கிற மருந்தையா. யார் முகத்தையும் பார்க்கத் தைரியமில்லை. எப்படி நெஞ்சை நிமிர்த்தி நடந்த மனுஷர்!

பின்னே? இலங்கையின் ரத்தோட்டைப் பக்கத்துத் தோட்டங்களெல்லாம் மலேரியாவுக்கு ஆட்களை வாரிக் கொடுத்த அந்த வருஷம், அவருடைய தோட்டத்தில் மட்டும் ஒரு சாவு இல்லை. பெரிய துரையே கையைப் பிடித்துக் குலுக்கினார். அன்றிலிருந்து மருந்தையாவுக்குக் கால் தரையில் பாவவில்லை.

காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கப் பிரட்டுக்களத்தில் வந்து நிற்கும் ஆட்களின் வாயில், மலேரியாவைத் தடுக்கும் கொய்னாத் தண்ணீரை ஆளுக்கொரு மடக்கு ஊற்றுவது அவர் வேலை. குடலைப் புரட்டும் கசப்பு. குடித்ததும் ஒவ்வொருவரும் தன் பெயரை உரக்கச் சொல்ல வேண்டும். மருந்தை வாயில் ஒதுக்கி வைத்திருந்தால் பேச்சு வராதே! துரை பாராட்டிய பிறகு அந்தச் சோதனையை அவர் விட்டுவிட்டார். ஊற்றுவார், 'அடுத்தது' என்பார், அவ்வளவுதான்.

கொழுந்து பறிக்கும் மாரியாயி ஒருநாள் அவரைத் தேடியே வந்தாள்.

"ஐயா, எம் மக ராசகுமாரி மருந்த முழுங்குறதே இல்லீங்க. தேயிலைக்குள்ள போயி துப்பிடுறா. நான் சொன்னா கேக்க மாட்டேங்குறா. நீங்க ஒரு சத்தம் போட்டீங்கன்னா…"

"என் கையால குடுத்தத துப்புவாளா? போடி பைத்தியம்! என் தோட்டத்துல காய்ச்சலே வராது."

என் தோட்டமாம்! துரை கேட்டிருந்தால் சிரித்திருப்பார். மாரியாயி கொழுந்து பறிக்கத் திரும்பிப் போனாள்.

பத்தாம் நாள் ராசகுமாரி படுத்தாள். "மழையில நனைஞ்ச காய்ச்சல், கஷாயம் குடு" என்று வாசலோடு சொல்லிவிட்டு வந்தார். மலேரியா என்று ஒத்துக்கொள்ள அவருக்கு மனம் வரவில்லை. நான்காம் நாள், பல் கிட்டிக் கிடந்தவளின் வாயைத் திறந்து ஊற்றிய கொய்னா கடைவாயில் வழிந்தது. பொழுது சாய்வதற்குள் போய்விட்டாள். பதினேழு வயது.

மண் தள்ளி முடிந்ததும் மாரியாயி அவரை நோக்கி வந்தாள். திட்டட்டும், மண்ணை வாரித் தூற்றட்டும், வாங்கிக்கொள்ளலாம் என்று நின்றார். அவளோ கையெடுத்துக் கும்பிட்டாள்.

"மன்னிச்சுக்கிடுங்க ஐயா. தொரைகிட்ட ஒங்களுக்கு இருந்த நல்ல பேரு எம் புள்ளையால கெட்டுப் போச்சுங்களே."

மாணிக்கவாசகம் வெட்கத்தில் குன்றிப்போனார். தப்பு என்னுடையது தாயே என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார்.

"சரி சரி, போ" என்றுதான் வந்தது.