கிழக்கில் ஓர் அந்தி

அப்பாவுக்கு மறதி நோய் முற்றிய பிறகு சாயங்காலம்தான் எங்கள் வீட்டில் மோசமான நேரம். பகலில் பேசாமல் உட்கார்ந்திருப்பார். வெயில் இறங்கியதும் சட்டையை மாட்டிக்கொண்டு, விடிந்துவிட்டது, மில்லுக்கு முதல் ஷிப்ட் போக வேண்டும் என்று கிளம்பிவிடுவார். மில்லை மூடிப் பல வருடங்கள் ஆகின்றன. அதைச் சொன்னால் சண்டைக்கு வருவார். ஒருமுறை கருவடிக்குப்பத்தில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து நடந்தே போய், கடலூர் சாலையில் லாரிக்கு முன்னால் நின்றிருந்தார். மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் பார்த்துக்கொண்டிருந்த இரவு வேலையை அதற்குப் பிறகுதான் விட்டேன். என் மனைவி சிவசங்கரி துணிக்கடையில் வேலை முடிந்து வர இரவாகிவிடும்.

அவரை நிறுத்த என்னிடம் இருந்தது ஒரே வழி. கையைப் பிடித்து மொட்டை மாடிக்கு அழைத்துப் போவேன். கிழக்கே கடல் பக்கம் மங்கியிருக்கும். மேற்கே விமான நிலையத்துப் பக்கம் சூரியன் இறங்கிக்கொண்டிருக்கும்.

"பொழுது போவுதுப்பா. விடியக்காலம் இல்ல."

இரண்டு பக்கமும் பார்ப்பார். "ஆமாண்டா" என்பார். கீழே வந்து சட்டையைக் கழற்றிவிடுவார். என் பேச்சைவிட வானத்தின் மேல் அவருக்கு நம்பிக்கை அதிகம்.

ஐப்பசியில் ஒரு நாள் மாடிக்குப் போனபோது மேற்கே கருமேகம் சுவர்போல நின்றது. சூரியனையே காணவில்லை. கிழக்கே, கடலுக்கு மேல், அடிவானத்தில் ஒரு புள்ளியிலிருந்து ரோஜா நிறக் கதிர்கள் விசிறிபோல விரிந்து தலைக்கு மேல் வரை வந்திருந்தன. பார்க்க அப்படியே சூரிய உதயம்தான். பக்கத்து மாடிகளில் எல்லோரும் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

"விடிஞ்சிடுச்சு" என்றார் அப்பா.

"இல்லப்பா. சாயங்காலம்."

"கெழக்கால வெளுக்குது. இன்னா சாயங்காலம்?"

பக்கத்து வீட்டு கமலக்கண்ணன் படம் எடுத்துக்கொண்டிருந்தார். அப்பா அவரைக் கூப்பிட்டார். "கமலா, கெழக்கு எந்தப் பக்கம்?"

"அதான் மாமா, கடல் பக்கம்."

"வெளிச்சம் எங்கேருந்து வருது?"

"அங்கேருந்துதான். இன்னைக்கு சூரியன் டூட்டி மாத்திக்கினு வந்துட்டான் போல."

நான் கண்ணைக் காட்டினேன். அதற்குள் சொல்லி முடித்துவிட்டார்.

போனில் தேடினேன். மேற்கே மேகத்துக்குப் பின்னால் இருக்கும் சூரியனின் ஒளிதான் அது. மேக இடுக்குகளில் புகுந்து வானத்தைக் கடந்துபோய், எதிர்த் திசையில் ஒன்றுசேர்வதுபோலத் தெரியும். தண்டவாளங்கள் தூரத்தில் சேர்வதுபோல. அதை அப்படியே அவரிடம் சொன்னேன்.

"கேட்டியா கமலா? சூரியன் மேக்கால இருக்குமாம், வெளிச்சம் கெழக்கால தெரியுமாம். இவன நைட்டு வேலையிலேருந்து ஏன் தொரத்துனாங்கன்னு இப்பதான் புரியுது."

கமலக்கண்ணனால் சிரிப்பை அடக்க முடியவில்லை. எனக்கும் கொஞ்சம் வந்தது.

அப்பா சிரிக்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "தெனமும் இப்படித்தான் சொல்றியா? பொழுது போச்சு, பொழுது போச்சுன்னு? அதான் நான் வேலைக்கே போவலியா?"

"கொஞ்சம் இருந்து பாருப்பா, இருட்டிடும்" என்றேன்.

"அதுக்குள்ள மில்லுல சங்கு ஊதிடுவான்" என்று படியில் இறங்கினார்.

முந்திக்கொண்டு ஓடிப்போய் கேட்டைப் பூட்டினேன். அதுவரை அவர் இருக்கும்போது பூட்டியதில்லை. அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு தெருவில் போகிறவர்களைக் கூப்பிட்டார். ஸ்கூட்டரில் வந்த ஒரு பெண் நிறுத்தினாள்.

"இன்னா தாத்தா?"

"வேலைக்கு நேரமாச்சும்மா. தொறந்து வுடச் சொல்லு."

"நீங்க யாரு?" என்று அவள் என்னைக் கேட்டாள்.

நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா சொன்னார்: "யாருன்னு தெரியலம்மா. பொய்யி சொல்றவன்."

"அவரோட பையன்" என்றேன். அவள் பூட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். நம்பினாளா என்று தெரியவில்லை. போய்விட்டாள்.

இருட்டிய பிறகும் அவர் கம்பியை விடவில்லை. "மழ மூட்டம்" என்றார். சிவசங்கரி வந்தபோது, அவளுக்குக் கேட்டைத் திறக்க அவரை இழுத்துப் பிடிக்க வேண்டியிருந்தது. என் கையைக் கடித்தார்.

மறுநாள் வானத்தில் பேருக்குக்கூட மேகம் இல்லை. சூரியன் ஒழுங்காக மேற்கில் இறங்கிக்கொண்டிருந்தது. "மாடிக்கு வாப்பா, வந்து பாரு" என்றேன்.

"நீ காட்டுறதெல்லாம் பாத்தாச்சு" என்றார். சட்டைப் பொத்தானைப் போட்டபடி கேட் பக்கம் போனார். டீ போடுவதற்கு முன்பே நான் அதைப் பூட்டியிருந்தேன்.