யாருடைய நாற்காலி

மதிய உணவு அறைத் தொலைக்காட்சியில் இரண்டு பேர் கத்திக்கொண்டிருந்தார்கள். எங்கோ நடந்த விமான விபத்துக்கு எல்லா இனத்தவருக்கும் இடம் கொடுக்கும் கொள்கைதான் காரணம் என்றார் ஒருவர். விசாரணையே முடியவில்லை என்றார் மற்றவர். கர்ட் சாண்ட்விச்சைப் பாதியில் மூடி வைத்தான். அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் இந்தச் சின்ன விமான நிலையத்தில் எரிபொருள் வண்டி ஓட்டுபவன் அவன்.

"உன் கதையத்தான்டா பேசுறாங்க," என்றான் உடன் வேலை செய்யும் டுவேன். "மேல டவர்ல உன் நாற்காலியில ஒருத்தி உக்காந்திருக்கா. நீ என்னடான்னா கீழ குழாயப் புடிச்சிட்டு நிக்கிற."

அப்பாவின் கோதுமை வயலை விட்டுவிட்டு, கட்டுப்பாட்டுக் கோபுரத்திலிருந்து விமானங்களை வழிநடத்தும் வேலைக்கென்றே தாமதமாகக் கல்லூரியில் சேர்ந்தவன் கர்ட். படித்து முடித்த வருடம் விதி மாறியது. கல்லூரியில் படித்தவர்களுக்கு இருந்த முன்னுரிமை போய், எல்லா இனத்தவரும் வரட்டும் என்று எல்லோருக்கும் பொதுவாக, வாழ்க்கையைப் பற்றிக் கேட்கும் ஒரு கேள்வித்தாள் வந்தது. அதில் கர்ட் தேறவில்லை. ஏன் என்று யாரும் சொல்லவில்லை. அதே வகுப்பில் படித்த கறுப்பினப் பெண் ரெனீட்டா தேறினாள். பிறகு அந்தக் கேள்வித்தாளையே அரசு கைவிட்டபோது அவனுக்கு முப்பத்தொன்று ஆகிவிட்டிருந்தது. அந்த வயதை எட்டியவர் அந்த வேலைக்குள் நுழைய முடியாது.

போன வசந்தத்தில் ரெனீட்டா இந்தக் கோபுரத்துக்கே மாற்றலாகி வந்தாள். அவன் ஓடுபாதையைக் கடக்க அனுமதி கேட்பான், அவள் கொடுப்பாள். வண்டியின் வானொலிக் கருவியில் அவ்வளவுதான் பேச்சு.

இந்த விவாதத்துக்கு ஆள் தேடிய உள்ளூர்த் தொலைக்காட்சிக்கு டுவேன் கர்ட்டின் பெயரைக் கொடுத்துவிட்டான். பேட்டிக்கு முந்தின நாள், ரெனீட்டா கார் நிறுத்துமிடத்தில் அவனுக்காகக் காத்திருந்தாள். காதோரம் நரைத்திருந்தது.

"டிவில பேசப் போறியாமே?"

"ஆமா. என்னைத் தள்ளினது அநியாயம்னு சொல்லப் போறேன்."

"அநியாயந்தான். அன்னிக்கே எனக்குத் தெரியும். உனக்கு ஒரு போன் பண்ணியிருக்கணும், பண்ணல." சாவியை விரலில் சுற்றினாள். "என் பேரச் சொல்லுவியா?"

அவன் தன் கார் கதவைத் திறந்து மறுபடி மூடினான்.

"பயிற்சியில பாதிப் பேர் ஓடிட்டாங்க கர்ட். நான் நின்னேன். இருந்தும் மைக்கைத் தொடும்போதெல்லாம், இவ எப்படி உள்ள வந்தான்னு யாரோ கேக்குற மாதிரியே இருக்கு. பத்து வருஷமா."

அவன் பல வருடமாகக் கேட்க நினைத்திருந்த வேறொன்றைக் கேட்டான்.

"மேலேருந்து பாத்தா எப்படி இருக்கும்?"

அவள் முகம் இளகியது. "காலையில பனி விலகுறப்போ மொத்த ஊரும் கீழ விரிஞ்சு கெடக்கும். ஒரு நாள் வா. அனுமதி வாங்கித் தரேன்."

"வேணாம். வந்தா எறங்க மாட்டேன்."

பேட்டியில் அவன் கேள்வித்தாளைச் சொன்னான், வயதைச் சொன்னான், குரல் உடைந்தது. "உங்கள் இடத்தில் இன்று யார் இருக்கிறார்?" என்று கேட்டாள் நிருபர்.

"யாரும் இல்ல. அங்க ஆளே பத்தல. இருக்கறவங்க வாரத்துக்கு ஆறு நாள் வேல பாக்கறாங்க. என் எடம் காலியாவேதான் கெடக்கு."

ஒளிபரப்பில் குரல் உடைந்தது மட்டும் வந்தது. கடைசிப் பதிலை வெட்டிவிட்டார்கள். டுவேன் முதுகில் தட்டி, "வச்சு வாங்கிட்டடா!" என்றான். ரெனீட்டாவிடம் சொல்ல வேண்டும் என்று இரண்டு முறை கைபேசியை எடுத்தான். வெட்டிவிட்டார்கள் என்பதை எப்படிச் சொன்னாலும் சாக்காகத்தான் இருக்கும் என்று வைத்துவிட்டான்.

மறுநாள் மேற்கே மேகம் கறுத்தது. இறங்குவதற்கு மூன்று விமானங்கள் ஒரே சமயத்தில் வந்தன. கர்ட் ஓடுபாதை ஓரம் வண்டியை நிறுத்தி அனுமதி கேட்டான். "காத்திருக்கவும்," என்றது ரெனீட்டாவின் குரல். அதில் கோபமும் இல்லை, நட்பும் இல்லை.

அவன் கண்ணாடி வழியே அண்ணாந்து மனதுக்குள் வரிசை போட்டான். சின்ன விமானம் முதலில். பிறகு பெரியவை இரண்டும். அவள் பெரிய விமானங்களை முன்னால் அழைத்தாள். ஒரு கணம் யோசித்துப் பார்த்தான். காற்று திரும்பிக்கொண்டிருந்தது, அதற்குள் பெரியவற்றை இறக்க அவள் நினைத்ததும் சரிதான், அவன் போட்ட வரிசையும் சரியாகவே வந்திருக்கும்.

முதல் மழைத்துளி கண்ணாடியில் விழுந்தது. கோதுமை வயல்களுக்கு மேலே அந்தச் சின்ன விமானம் இறக்கையைச் சாய்த்து, தன்னை அழைக்கும் குரலுக்காக இன்னொரு வட்டம் போடத் தொடங்கியது.