கெட்டில் படத்துக்கு ஒரு புருஷன்

"யாருடி இந்த ஆளு?"

அக்கா கைபேசியைத் தூரமாய்ப் பிடித்து மறுபடி படித்தாள். அவள் வரைந்த கெட்டில் படத்துக்குக் கீழே தங்கை எழுதியிருந்தாள்: 'தினமும் காலையில் என் கணவர் இந்தக் கெட்டிலில் டீ போட்டு என்னை எழுப்புவார். இன்று அவர் இல்லை. கைச்சூடு மட்டும் இதில் இருக்கிறது.'

"உன் வீட்டுக்காரர்தான்க்கா."

"அந்த மனுஷன் அடுப்படிக்கு வந்ததே கெட்டிலைத் தூக்கி எறியத்தானே!"

"அதையா எழுத முடியும்? வெறும் கெட்டிலை எவ வாங்குவா? இத்தனை நாள் உன் படமெல்லாம் கட்டிலுக்கு அடியில தூங்கிட்டு இருந்துச்சு. இப்படி எழுதி ஃபோன்ல போட்டதும் இது வித்துப் போயிடுச்சு. வாங்கின அம்மா படத்தைக் கட்டிப்பிடிச்சு அழுதாங்களாம். மத்த படங்களுக்கும் அவரை வெச்சே எழுதிட்டேன்."

வாயில் சிக்கிய யாருடைய முடியையோ துப்புவதுபோல அக்கா முகத்தைச் சுளித்தாள். படம் விற்கட்டும், வேண்டாமென்று யார் சொன்னது? செத்துத் தொலைந்தவர் படத்தோடு ஒட்டிக்கொண்டு, அதுவும் நல்லவராகி, திரும்பி வரக்கூடாது. அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

"சாயங்காலம் ஃபோன்ல லைவ் இருக்கு, வாங்கறவங்க எல்லாம் பார்ப்பாங்க. நீதான் பேசணும்."

"இந்தப் பொய்யை என் வாயால சொல்ல மாட்டேன்."

"அப்ப நிஜத்தைச் சொல்லு, போ!" தங்கை கோபத்தில் சொல்லிவிட்டாள்.

அக்கா அதையே பிடித்துக்கொண்டாள். சாயங்காலம் கைபேசிக்கு முன்னால் உட்கார்ந்து, "எழுதியிருந்தது பொய்ங்க" என்று ஆரம்பித்தாள். "அவரு டீ போட்டதே இல்லை. நான் வரையறது பிடிக்காம ஒருநாள் கதவை அடிச்சுச் சாத்தினாரு. நடுவுல என் விரல் இருந்துச்சு. இன்னும் கோணல்தான். கெட்டில் படம் வாங்கினவங்க திருப்பிக் கொடுத்துடலாம். பணத்தை அனுப்பிடறேன்."

திட்டிவிட்டுப் போய்விடுவார்கள் என்று காத்திருந்தாள். திரையில் சிவப்பு இதயங்கள் ஈயாய் மொய்த்தன.

"அக்கா!" தங்கை கைபேசிக்குப் பின்னாலிருந்து குசுகுசுத்தாள். "அந்த அம்மா திருப்பித் தர மாட்டாங்களாம். 'எவ்வளவு வலி, எவ்வளவு அழகு'ன்னு எழுதறாங்க. இன்னும் நாலு பேரு படம் கேக்கறாங்க! விரலைக் காட்டு, பார்க்கணுமாம். கொஞ்சம் வெளிச்சத்துக்குக் கொண்டு வா."

அக்கா கையை மடிக்குள் இழுத்துக்கொண்டாள்.

"ரெண்டு சொட்டு அழுதீன்னா இன்னும் நல்லா இருக்கும்க்கா."

"அழுகை எங்கடி வருது? வாந்திதான் வருது."

எட்டிக் கைபேசியை எடுத்து லைவை நிறுத்தினாள். முகம் கழுவி வந்து, அதை மடியில் வைத்துக்கொண்டு, ஒற்றை விரலால் தட்டித் தட்டி ஒவ்வொரு படத்துக்கும் கீழே இருந்த புருஷனை அழித்தாள். அந்த இடத்தில் எழுதினாள்: 'கெட்டில். எண்ணெய் வண்ணம். பன்னிரண்டுக்குப் பதினாறு அங்குலம்.' பிறகு 'ஜன்னல்.' பிறகு 'செருப்புகள்.'

தங்கை எட்டிப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள். "அந்த நாலு பேருக்கு என்ன சொல்றது?"

"இதைப் படிச்சுட்டும் வேணும்னா வாங்கட்டும்."

"இதைப் படிச்சுட்டு எவன் வாங்குவான்?"

"சுவர் இருக்கிறவன்."

"சுவர் எல்லார் வீட்டுலயும்தான் இருக்கு."

"அப்புறம் எதுக்குடி என் புருஷன்?"