இரண்டு புள்ளி பூஜ்யம்

கிர்ர்ர்ரென்று சுவர் மணி அலறியதில் டார்லாவின் கையிலிருந்த காபி மேசையில் சிந்தியது. மென்பொருளின் புதிய பதிப்பை வெளியிட முடியாமல் போனால் மட்டும் அடிக்கும் மணி. திரையில் ஒரே வரி: 'பதிப்பு 2.0 முன்பே வெளியாகி, திரும்பப் பெறப்பட்டது. அந்த எண்ணை மறுபடி பயன்படுத்த முடியாது.'

வெளியிடும் கடவுச்சொல் தெரிந்தவர்கள் உலகத்தில் இரண்டே பேர். அவள், இன்னொருவன் வென்டல்.

பனி வாரும் வண்டி முதலில் எந்தத் தெருவுக்குப் போக வேண்டும் என்று சொல்லும் மென்பொருள் அது. டுலூத் நகரில் ஒரு சைக்கிள் கடையின் பின்னறையில், ஹீட்டரை மாற்றி மாற்றித் தங்கள் பக்கம் திருப்பிக்கொண்டு இருவரும் எழுதியது. 1.3 போடுவதா, 1.4 போடுவதா என்று ஒவ்வொரு முறையும் சண்டை வரும். பீட்சா ஆறிப்போகும். "புள்ளிக்கு முன்னாடி இருக்கிற எண் மாறணும்னா பெருசா ஏதாவது மாறியிருக்கணும் டார்லா. சும்மா ஜம்பத்துக்கு ரெண்டு போடக் கூடாது" என்பான் வென்டல். அந்த இரண்டு வரும் நாளில் சேர்ந்து பட்டனை அமுக்குவதாகப் பேச்சு. பிறகு அவனுக்கு வின்னிபெக் நகரில் பெரிய வேலை கிடைத்தது. சாவியைக் கதவிடுக்கில் போட்டுவிட்டு, சொல்லாமல் கொள்ளாமல் போனான். ஒன்பது வருடமாகிறது. அவள் தனியாகவே எல்லாவற்றையும் புதிதாக எழுதி முடித்து, இன்று 2.0 வரும் என்று ஊர் ஊராக அறிவித்தும் விட்டாள்.

போனை எடுத்தாள்.

"என்னடா, உயிரோடதான் இருக்கியா?"

"அட, முதலாளியம்மா!" அதே சிரிப்பு. உடனே அடங்கியது. "மணி அடிச்சுதா?"

"அடிச்சுது. என்னோட ரெண்டை எப்படா திருடின?"

"2.0.1-னு போட்டுக்கோயேன். குடியா முழுகிடும்?"

"முதல் 2.0 எங்கேன்னு எல்லாரும் கேப்பாங்க. எண்ணத் தெரியாதவள்னு சிரிப்பாங்க."

"பனி வாரறவன் அதையெல்லாம் பாக்கறானா?"

"நான் பாக்கறேன் வென்டல். சேர்ந்து அமுக்கறதாதானே இருந்தோம்? எனக்குத் தெரியாம தனியா என்னத்த வெளியிட்ட?"



"கிளம்பின அன்னிக்குப் போட்டேன். உள்ள ஒரு வரிகூட மாத்தல டார்லா, எழுதினவங்க பட்டியல்லேர்ந்து என் பேரை மட்டும் எடுத்தேன். இதைவிடப் பெரிய மாத்தம் என்ன இருக்குன்னுதான் ரெண்டு போட்டேன்... ஊர் எல்லை தாண்டறதுக்குள்ள காரை ஓரங்கட்டி அந்த ரெண்டைத் திரும்ப எடுத்துட்டேன்."