ஒரே கிண்ணத்து மாத்திரைகள்

1

இந்தக் கதை நான் யோசித்தது இல்லை. எங்கள் கடலோர ஊரான தோங்யோங்கின் பொதுக் குளியல்கூடத்தில், குளித்தபின் படுக்கிற சூட்டுத் தரையில், முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு படுத்திருந்தேன். பக்கத்தில் இரண்டு பெண்களின் குரல்.

"யக்கா, நிஜ மருந்து உன் புட்டியிலயா, என் புட்டியிலயா?"

"அது அந்த டாக்டருக்கே தெரியாதாம்டி."

"தெரியாமலா குடுக்கிறாரு?"

"அதுக்குப் பேருதான் ஆராய்ச்சியாம்."

துண்டை விலக்கிப் பார்க்கவில்லை. முகத்தைப் பார்த்தால் பேச்சு நின்றுவிடும். மீதியெல்லாம் வீட்டுக்கு வந்த பிறகு என் மனசுக்குள் அவர்களைப் பேசவிட்டுக் கேட்டது.

2

முதல் தொடக்கம்: "நாள்பட்ட இடுப்புவலி என்பது..." வேண்டாம். எழுதும்போதே எனக்கு இடுப்பு பிடித்துக்கொள்கிறது.

இரண்டாம் தொடக்கம்: "குளிர்காலக் கடல்மேல் மெல்லிய வெயில்..." வெயிலுக்கும் இடுப்புக்கும் என்ன சம்பந்தம்?

சரி, நேராகவே சொல்கிறேன். வயதில் மூத்தவள் கும்ரே, இளையவள் ஓக்பூன். சிப்பி உடைக்கும் கொட்டகையில் ஒரே பலகைக்கு முன்னால் பக்கத்தில் பக்கத்தில் நிற்பவர்கள். இருவருக்கும் வருடக்கணக்கில் இடுப்புவலி. படமெடுத்துப் பார்த்தால் ஒன்றும் தெளிவாகத் தெரியாத வகை. புது மருந்து ஒன்றைச் சோதித்துக்கொண்டிருந்த டாக்டர் பியோவிடம் பெயர் கொடுத்தார்கள். பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு வெறும் மாவு. யாருக்கு எது என்பது கடைசியில்தான் தெரியும்.

எங்களூர்ப் பெண்களிடம் இதைச் சொல்லியிருக்கக் கூடாது. ஒருத்தி முன்னால் மீன் இருந்து, எதிரே இருப்பவள் முன்னால் இல்லையென்றால் இங்கே யாருக்கும் சோறு இறங்காது. அன்று மாலையே இரண்டு புட்டிகளையும் ஒரு கிண்ணத்தில் கொட்டி, கையால் கலந்து, பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். புட்டி தீர்ந்து புதிது வந்தபோதெல்லாம் அப்படியே.

(அடிக்குறிப்பு போல ஒன்று: இதை மோசடி என்று நினைக்காதீர்கள். பிரிக்காமல் தின்பதுதான் அவர்களுக்கு மோசடி.)

3

டாக்டர் பியோ மேல் எனக்கு நம்பிக்கை வரவே இல்லை. முதல் பிரதியில் சிடுசிடுப்பானவராக வைத்தேன், வாயே திறக்கவில்லை. பிறகு வயதைக் குறைத்து, அவருக்கும் கொஞ்சம் இடுப்புவலி கொடுத்தேன். உடனே பேசினார். ஆராய்ச்சி முடிந்து, யாருக்கு எது என்று தெரிந்துவிட்ட நாள் அது.

"ஓக்பூன் அம்மா, உங்களுக்கு வந்தது வெறும் மாவு. ஆனா வலி போயிடுச்சுங்கிறீங்க."

"போயிடுச்சு டாக்டர். குனிஞ்சு காட்டட்டுமா?"

"வேண்டாம், வேண்டாம். கும்ரே அம்மா, நிஜ மருந்து உங்களுக்குத்தான். கொஞ்சங்கூட குறையலையா?"

"உங்களுக்காகக் கொஞ்சம் குறைஞ்சதா வச்சுக்குங்க."

"எனக்காகச் சொல்லக் கூடாதும்மா."

"அப்ப குறையல."

டாக்டர் பெருமூச்சு விட்டார். "மருந்து கேக்கலைன்னா அடுத்தது ஆபரேஷன்தான். முதுகெலும்புல திருகாணி வைக்கணும்."

ஒரே கிண்ணத்து மாத்திரை. ஒருத்திக்குக் கேட்டது, ஒருத்திக்குக் கேட்கவில்லை. ஏன் என்று, எனக்குத் தெரிந்த டாக்டர்கள் சிலரைக் கேட்டேன். ரொம்ப நேரம் விளக்கினார்கள். அதிலிருந்தே அவர்களுக்கும் தெரியாதென்று புரிந்தது. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: கும்ரே தின்றது பாதி மருந்து. முழு மருந்து கேட்கவில்லை என்று அவளை வெட்டப்போகிறார்கள்.

4

டாக்டர் தேதி பார்த்துவிட்டுக் கூப்பிடும்வரை இருவரும் வெளியே நடைக்கூடத்தில்.

"சொல்லிடலாம்க்கா. முதல்ல முழு மருந்து குடுத்துப் பாப்பாங்க."

"வாயத் தொறந்தே, சிப்பியோட சிப்பியா உன்னையும் உடைச்சிருவேன்."

"டாக்டருக்கு அவமானம்னு பாக்கிறியா?"

"அவரு கிடக்கட்டும். பாதி மாத்திரையெல்லாம் ஒண்ணும் செய்யாதுன்னு அவரு சொல்லிட்டா, உன் இடுப்பு அதைக் கேட்டுக்கும்டி. நாளைக்கே வலி திரும்பி வந்து நிக்கும்."

"அதுக்காக உன் முதுகுல திருகாணியா?"

"கதவுல வைக்கலையா? நல்லாத்தானே இருக்கு."

5

ஒரு முடிவு: ஓக்பூன் சொல்லிவிடுகிறாள். கும்ரே பிழைக்கிறாள். மறுநாள் பலகை முன்னால் ஓக்பூனால் நிற்க [அடித்துவிட்டேன்.]

இன்னொன்று: சொல்லவில்லை. அறுவை அறைக் கதவு மூடும்போது கும்ரே திரும்பி [இதையும் அடித்துவிட்டேன்.]

மூன்றாவது: டாக்டரே கண்டுபிடித்துவிடுகிறார். இது எனக்குத்தான் சௌகரியம், அவர்களுக்கு இல்லை.

ஆகவே எனக்குக் கேட்டவரையில் எழுதுகிறேன். உள்ளே கூப்பிட்டார்கள். ஆபரேஷன் தேதி குறித்தாயிற்று.

"வேற ஏதாவது சொல்லணுமா?" என்றார் டாக்டர்.

"ஒண்ணுமில்ல." கும்ரே மேசையைப் பிடித்து, பல்லைக் கடித்து எழுந்து, ஒரு கையால் இடுப்பைத் தாங்கிக்கொண்டு கதவுவரை போய்விட்டாள். "வாடி."

வலியே இல்லாத ஓக்பூன் எழுந்திருக்கவில்லை.

"ஓக்பூன் அம்மா?"

அடுத்த வரி அவளுடையது. எப்படி எழுதினாலும் ஒருத்தியின் இடுப்பு போகிறது, எனக்குக் கை வரவில்லை. இருவரையும் இப்போது உங்களுக்கும் தெரியும். சொல்லுங்கள், டாக்டர் காத்திருக்கிறார்.