ஞாயிற்றுக்கிழமை வராத இருமல்

புதன்கிழமை பதினொரு மணிக்கெல்லாம் செல்போன் ரிப்பேர் கடையின் மூலையிலிருந்து அந்த இருமல் கிளம்பிவிட்டது. மெக்கானிக் ஈயம் உருக்கி வைக்கும் சால்டரிங் கம்பியைக் கீழே வைத்து, மேசையைப் பிடித்துக்கொண்டு இருமினார். வாசலில் நின்ற வாடிக்கையாளர் இரண்டடி தள்ளிப் போனார். கல்லாவில் இருந்த முதலாளியம்மா அதைக் கவனித்தாள்.

எதையும் தோண்டித் துருவாவிட்டால் அவளுக்குத் தூக்கம் வராது. போனுக்குள் இருக்கும் பச்சைப் பலகை, மேசையின் வார்னிஷ், ஏன், அவள் கடைவாய்ப் பல்லை அடைத்திருக்கும் வெள்ளைப் பூச்சுகூடப் பிசின் வகைதான் என்று படித்து வைத்திருந்தாள். ஆலையில் செய்தது கெடுதல், மரத்தில் வடிந்தது நல்லது என்பது அவள் தீர்ப்பு. போன் திரை ஒட்டும் ஆலைப் பசையை யாராவது தொட்டால் போதும், "கையுறை எங்க? ஜன்னலைத் திற!" என்று கறாராக நிற்பாள். ஈயம் வைக்கும்போது தடவுகிற பிசினோ பைன் மரத்துப் பால். அதற்கு எதற்கு ஜன்னல்? சாத்திவிட்டு ஏ.சி. போட்டுவிடுவாள்.

இருமலையும் துருவினாள். வாரம் ஏற ஏற அதுவும் ஏறுகிறது. விடுமுறை முடிந்து வரும் காலையில் மனிதர் பளிச்சென்று இருக்கிறார். லீவு நாளில் தானும் லீவு எடுக்கிற இருமல் உலகத்தில் உண்டா? நடிப்பேதான் என்று முடிவு கட்டினாள். கையும் களவுமாகப் பிடித்து வேலையை விட்டு நிறுத்திவிட, ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்கே போய்விட்டாள்.

மெக்கானிக் தோளில் தண்ணீர்க் கேனோடு, பாடிக்கொண்டே மூன்றாவது மாடிக்கு ஏறிக்கொண்டிருந்தார்.

"பாட்டெல்லாம் பிரமாதமா வருது. கடையில மட்டும்தான் மூச்சு வாங்குமோ?" என்றாள் முதலாளியம்மா.

அவர் கேனைப் படியில் இறக்கி வைத்தார். பதில் சொன்னது, பின்னால் படியேறி வந்த அவர் மனைவி.

"அதைத்தாங்க நானும் உங்களைக் கேக்கணும்னு இருந்தேன். வீட்டுல இருந்தா நல்லா இருக்காரு. உங்க கடைக்கு வந்தாத்தான் இருமுறாரு. அங்க அப்படி என்னதான் இருக்கு?"

முதலாளியம்மாவுக்குச் சுருக்கென்றது. ஊரையே துருவுகிற புத்திக்கு இந்த ஒரு கேள்வி தோன்றவில்லையே!

மறுநாள் மெக்கானிக்கின் நாற்காலியில் தானே உட்கார்ந்தாள். அவர் சொல்லிக்கொடுக்க, சூடான கம்பியால் பிசினைத் தொட்டாள். மெல்லியதாகப் புகை எழுந்தது. பொடிப் பொடியான வேலை, குனியாமல் முடியாது. குனிந்தால் புகை நேராக மூக்குக்குள். வாசனை என்னவோ நன்றாகத்தான் இருந்தது. அரை மணி நேரத்தில் தொண்டை கரகரத்து, அவளும் இருமினாள்.

"இவ்வளவு நாளா ஏங்க சொல்லல?"

"மரத்துப் பிசின், ஒண்ணும் பண்ணாதுன்னு நீங்கதானேம்மா சொன்னீங்க."

பிசின் டப்பாவைத் திருப்பினாள். 'புகையைச் சுவாசிக்காதீர்கள்' என்று பொடி எழுத்தில் போட்டிருந்தது. எல்லாவற்றையும் படிப்பவள் இதைப் படிக்கவில்லை. அன்றைக்கே அவரை டாக்டரிடம் அழைத்துப் போனாள். மூச்சை ஊதச் சொல்லிச் சோதித்த டாக்டர், பிசின் புகையால் வந்த ஆஸ்துமா என்றார். இனி அந்தப் புகைப் பக்கமே போகக் கூடாதாம்.

வெளியே வந்ததும் மெக்கானிக் தயங்கித் தயங்கிக் கேட்டார். "அப்போ நாளையிலேர்ந்து நான் வர வேண்டாமாம்மா?"

அவளுக்கு அவமானமாக இருந்தது.

"கண்டிப்பா வாங்க. பேட்டரி மாத்துற வேலையைப் பாருங்க, சம்பளம் அதேதான். ஈயம் வைக்கிற மேசையைப் பின்னறைக்குக் கொண்டுபோய், புகையை வெளியே இழுக்குற ஃபேன் மாட்டாம இனி யாரையும் அதுல உக்கார வைக்க மாட்டேன். மரத்துலேர்ந்து வந்ததெல்லாம் நல்லதுன்னு நம்பினது என் முட்டாள்தனம். அதைவிடப் பெரிய தப்பு, உங்களைப் பொய் சொல்றவர்னு நினைச்சது. வேலை செய்றவர் இருமினா முதல்ல வேலையைத்தான் சந்தேகப்படணும், ஆளை இல்ல."