புஜைரா நேரம்

ராஜிக் அனுப்பியிருந்த போட்டோவைத் துபாய்க்குக் கிழக்கே புஜைராவில் மளிகைக் கடை வைத்திருக்கும் கலீல் ரஹ்மான் அன்றைக்கு ஏழாவது தடவையாகக் கல்லா மேசையிலிருந்து எடுத்துப் பார்த்தான். முழங்கால் வரை தொங்கும் தடித்த கோட்டு, புருவமெல்லாம் வெள்ளை, பின்னால் ஒரே இருட்டு. ரஷ்யாவின் வடகோடியில், எண்ணெய்க் கம்பெனி கேம்ப்பில் சமையல் வேலையாம். கலீல் தானே கட்டிவைத்த சர்க்கரையைக்கூட இன்னொரு தடவை நிறுத்துப் பார்க்கிற ஆள். தங்கை ஆலியாவின் மாப்பிள்ளை ராஜிக்கை மட்டும் நிறுத்துப் பார்க்காமல் விட்டுவிட்டோமோ என்று மனசு அரித்துக்கொண்டே இருந்தது.

கொளுத்திப் போட்டவன் துபாயில் வண்டி ஓட்டும் செய்கு முகம்மது. அவனும் கீழக்கரைக்காரன்தான். "காக்கா, துபாய்ல ஒரு மால் உள்ளாற பனியக் கொட்டி மலையே கட்டி வச்சிருக்கான். கோட்டும் அவனே குடுப்பான். அங்க ஒரு பொம்பளையோட உங்க மாப்ளையப் பாத்த மாதிரி இருந்துச்சு" என்றான். பார்த்த மாதிரிதான். அந்த 'மாதிரி' கடல் தாண்டி ஊர் போய்ச் சேர்வதற்குள் காணாமல் போய்விட்டது. நாளை ஜும்ஆ தொழுகை முடிந்ததும் இருவரையும் பிரித்துவிடச் சொல்லி ஜமாஅத்தில் எழுதிக் கொடுக்கப்போகிறார் வாப்பா. ஆலியா அழுது கெஞ்சி ஒரே ஒரு நாள் வாங்கியிருந்தாள். அண்ணன் கலீல் காக்கா விசாரித்து என்ன சொல்கிறாரோ அதுதான் முடிவு.

சாயங்காலம் ஐந்தேகாலுக்கு ராஜிக் கூப்பிட்டான். திரையில் நாலே எண்கள். போன் கார்டு போட்டு எங்கிருந்து கூப்பிட்டாலும் இப்படித்தான் விழும். அதை வைத்து ஒன்றும் சொல்வதற்கில்லை.

"அங்க எப்புடி இருக்கு மாப்ள?" என்று பிடி கொடுக்காமல் ஆரம்பித்தான் கலீல்.

"சூரியன் போயி இருபத்தாறு நாளாச்சு மச்சான். இரும்ப வெறுங்கையால தொட்டா தோலு ஒட்டிக்கிடும். போன வாரம் ஒரு நேபாளிக்கு உள்ளங்கை உரிஞ்சு போச்சு. ஆனா நேத்து வானத்துல பச்சப் பச்சயா வெளிச்சம் ஓடுச்சு. குப்ப கொட்டப் போனவன் வாளியோட நின்னுட்டேன். ஆலியாவுக்குக் காட்டணும்போல இருந்துச்சு. அழுதுட்டேன் மச்சான், தண்ணி எமையிலயே ஒறஞ்சுபோச்சு."

கலீல் போட்டோவை மறுபடி எடுத்து அந்த வெள்ளைப் புருவத்தைப் பார்த்தான். அடுத்த நொடியே, இதெல்லாம் டிவியில் காட்டுகிறதுதானே என்றும் தோன்றியது.

அப்போதுதான் கடையை ஒட்டிய பள்ளிவாசலில் அந்தித் தொழுகைக்கான மஃரிப் பாங்கு எழுந்தது. அதே நொடியில் போனுக்குள்ளும் ஒரு பாங்கு. எதிரொலியோ என்று மறு காதைப் பொத்திக்கொண்டு கேட்டான். இல்லை, குரல் வேறு. துபாயில் இருந்தால்கூட நாலைந்து நிமிடம் பிந்தித்தான் பாங்கு சொல்வார்கள். அப்படியானால் பயல் இந்த ஊரிலேயே இருக்கிறான்! எதிர்ச்சாரியில் இருந்த லாண்டரியையும் கஃபடேரியாவையும் அவன் கண்கள் துழாவின.

"பாங்கு கேக்குதே மாப்ள. பக்கத்துல பள்ளியா?"

"நீங்க குடுத்தனுப்புன கடிகாரம் மச்சான். நீங்க வச்சுவிட்ட புஜைரா நேரத்துலயே கெடக்கு. இங்க சூரியனே இல்லையே, எத வச்சுத் தொழுவுறது?"

பாங்கு சொல்லும் கடிகாரம் கொடுத்தது நிஜம். அதே சரக்கில் இன்னொன்று இப்போதும் அலமாரியில் இருக்கிறது. ஆனால் அந்தக் கடிகாரம் பனியில்தான் கூவ வேண்டுமென்று சட்டமா? பின்தெரு அறையில் வைத்தாலும் கூவும். பதில் தயாராக வைத்திருந்தவன்போல டக்கென்று சொன்னானே, அதுதான் உறுத்தியது.

"மாப்ள, வாசக்கதவத் தொறங்க. வெளிய எப்புடி இருக்குன்னு கேக்கணும்."

"மைனஸ் நாப்பது மச்சான். கையுறையப் போட்டுக்கிட்டு..."

"கையுறையச் சாக்கா வச்சு வேற ரூமுக்கு ஓடப் பாக்குறியா? இப்பவே தொறடா!"

'டா' என்று வாயில் வந்துவிட்டது. மாப்பிள்ளையை அவன் அப்படி ஒருநாளும் அழைத்ததில்லை. அந்தப் பக்கம் காலடிச் சத்தம் கேட்டது. இரும்பு நாதாங்கி கிறீச்சிட்டது. ஹோவென்று ஒரு இரைச்சல், அது காற்றாகவும் இருக்கலாம், பெரிய ஏசியாகவும் இருக்கலாம். பிறகு ராஜிக் "உம்மா!" என்று அலறினான். லைன் செத்துவிட்டது.

கலீல் திரும்பத் திரும்ப அடித்துப் பார்த்தான். அந்த நாலு எண்ணுக்கு மணி போகவே இல்லை. நடிப்பாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டான். நடிப்பாக இருக்கட்டும் அல்லாஹ் என்றும் கூடவே கேட்டுக்கொண்டான். பின்பக்கக் குழாயில் கைகால் கழுவி ஒளுச் செய்துவிட்டுத் தொழப் புறப்பட்டவன், ஐஸ்கிரீம் ஃப்ரீசரைப் பார்த்ததும் நின்றுவிட்டான். மூடியைத் தள்ளினான். புகை மாதிரிக் குளிர் மேலே வந்தது. ஈரக்கையை உள்ளே விட்டு, வெள்ளை பூத்திருந்த இரும்புக் கம்பியில் சுட்டுவிரலை வைத்து அழுத்தினான். முதலில் ஜில்லென்றது. பிறகு சுட்டது.

போன் அடித்தது. ஆலியா. இடது கையால் எடுத்தான்.

"காக்கா, வாப்பா பக்கத்துலதான் இருக்காக. கேட்டீங்களா? எம் மாப்ள அந்தப் பனியிலதான இருக்காக?"

கலீல் விரலை மெல்ல இழுத்துப் பார்த்தான். அது வரவில்லை.